தூரம்

வூப்பர் ஆற்றின் மேல் தொங்கிப் போகும் ரயிலில்
பார்மனிலிருந்து ஃபோவிங்கல் வரை
இருபது நிமிடம்.
அதற்குள் என்னைப் பற்றி எழுதப்பட்ட
பதினொரு வருடத்தை வாசித்தேன்.

காப்புறுதிக்காரர் தபாலில் அனுப்பிய இரகசிய எண்,
முகத்தைக் காட்டினால் திறக்கும் கோப்பு,
ஜெர்மனைத் தமிழாக்கும் ஒரு பொத்தான்.
புவிராஜ், கனகேஸ்வரி. வயது நாற்பத்தொன்பது.
பெயரில் ஓர் எழுத்துக் குறைகிறது;
சம்பளச் சீட்டிலும் அப்படித்தான்.

முதல் பக்கம், ஒரு மார்ச் மாதம்:
"நோயாளி கூறுவது: நீண்ட தூரம் நிற்க முடியவில்லை.
மொழிபெயர்த்தவர்: மகள்.
பரிந்துரை: சப்பாத்துக்குள் மெத்தை, இறுக்கக் காலுறை."

நான் அப்படிச் சொல்லவில்லை.

அந்த அறையின் மருந்து நெடி நினைவிருக்கிறது.
மிதுராவின் பள்ளிப் பையில் தொங்கிய மஞ்சள் முயல்.
எங்களைப் பாராமலே தட்டச்சு செய்த விரல்கள்.
நான் சொன்னது இது:
"தூரம் நிக்குதில்லை எண்டு சொல்லு பிள்ளை.
பதினைஞ்சு நாளாப் போகுது."

பத்து வயது.
அவளுக்குத் தெரிந்த தூரம்
வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் கிடந்தது.
இரத்தம் என்று சொல்லக் கூசி
நாங்கள் துணி சுற்றி வைத்த சொல்;
அவள் அவிழ்த்துப் பார்க்கவில்லை,
அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

பதினொரு வருடம்
காலையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து
அந்தக் காலுறையை இழுத்து இழுத்து ஏற்றினேன்.
திருகாணிப் பெட்டிகளை எடை போடும் மேசையில்
கண் இருட்டினால் விளிம்பைப் பிடித்துக்கொள்வேன்.
படித்த மனிதர், காலை இறுக்கினால்
மேலே நிற்குமாக்கும் என்றிருந்தேன்.

அடுத்த பக்கத்தில் ஒரு கோடு, என் இரத்தச்சத்து.
பன்னிரண்டு. பத்தரை. ஒன்பது. ஏழு தசம் எட்டு.
ஒருத்தி படியிறங்கிப் போகிறாள்,
எங்கே போகிறாய் என்று கேட்க ஆளில்லை.

அடியில் ஒரு வெற்றுப் பெட்டி:
உங்கள் குறிப்பை இங்கே சேர்க்கலாம்.

ஹம்மர்ஸ்டைன் தரிப்பிடம் கடக்கையில்
கைபேசியை வாயருகே பிடித்து, தூரம் என்றேன்.
ஜெர்மனில் ஏதோ வந்தது. திருப்பிப் பார்த்தேன்:
"தொலைவு."
அதற்கும் பத்து வயதுதான் போலிருக்கிறது.

சரி.
"இரத்தம்" என்றேன்.
பக்கத்து இருக்கைக்காரர் தன் லீக்ஸ் கட்டை மடிக்கு நகர்த்தினார்.
"என் கருப்பையிலிருந்து.
மாதத்தில் பதினாறு நாள்.
கட்டி கட்டியாக.
காலில் எனக்கு ஒன்றுமில்லை,
ஒருநாளும் இருந்ததில்லை."
என் வாயால் இந்தச் சொற்களை
என் காது முதல்முறை கேட்டது.
அனுப்பினேன்.

மூன்றாம் நாள் டொக்டர் லூக்கன்பாஹிடமிருந்து:
"மன்னிக்கவும், திருமதி புவிராஜ்.
நாங்கள் வேறு விதமாகக் கேட்டிருக்க வேண்டும்.
உடனடியாகப் பெண்ணோயியல் பணமாற்றம்."
பணமா? விழுந்து விழுந்து சிரித்தேன்.
அனுப்பும் கடிதத்துக்கும் அனுப்பும் காசுக்கும்
இவர்களிடம் ஒரே சொல்.
அவர்களுக்கும் ஒரு தூரம் இருக்கிறது.

கட்டி, நாரத்தங்காய் அளவு. பயமில்லாத வகை.
தை மாதம் எடுப்பார்கள்.
என்ன மயக்க மருந்து, யார் வெட்டுவது,
எதற்குக் கையெழுத்து, எல்லாம் இரவில் வாசித்தேன்.
நாலு கேள்வி எழுதி அனுப்பினேன்.
மூன்றுக்குப் பதில் வந்தது.
நாலாவதை நேரில் கேட்பேன்.

கோப்பில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கண் இருக்கிறது.
யார் பார்க்கலாம்: டொக்டர், மருத்துவமனை, மிதுரா.
முதல் பக்கத்துக்குப் போனேன்.
மிதுராவின் பெயருக்கு நேரே
அந்தக் கண்ணை மெல்ல மூடினேன்.

போகுமிலிருந்து இரவு அழைத்தாள்,
பரீட்சைக் களைப்புக் குரலில்.
"அம்மா, டொக்டர் என்ன சொன்னவ?
இத்தனை வருசம் ஏன் ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்ல?"

இந்த முறை மொழிபெயர்ப்பவள் நான்.
எல்லாவற்றையும் சொன்னேன்,
ஒரே ஒரு சொல்லைத் தவிர.