சுட்ட கணக்கு

அரவேணு திருப்பத்தில், பஸ் நிற்காத இடத்தில்
ஹவில்தார் போஜனின் ஓட்டல்.
ஆறு மேசை. ஒன்றுக்குக் கால் குட்டை,
அட்டை மடித்து வைத்திருக்கிறோம்.

மெடல் கல்லாவுக்குள் கிடக்கிறது,
கேஸ் ரசீதுகள் பறக்காமல் அழுத்திக்கொண்டு.
ரிப்பன் நுனியில் சாம்பார்க் கறை.

வலது கையில் இரண்டு விரலைப் பனி தின்றுவிட்டது.
மிச்ச மூன்றுக்கும் சூடு சரியாகத் தெரியாது;
கல் காய்ந்ததா என்று
அவற்றையே வைத்துப் பார்ப்பார்.

நேற்று மேட்டுப்பாளையத்துப் பையன் ஒருவன்
செல்போனை நீட்டிக்கொண்டு கேட்டான்:
“மொத்தம் எத்தனை சுட்டீங்க சார்?”
“இன்னிக்கா? நூத்திப் பதினாறு.
ரெண்டு கருகிடுச்சு.”
கடையே சிரித்தது. நானும்தான்.

ஷட்டரைப் பாதி இறக்கியபின்
கல்லில் தண்ணீர் தெளித்தார்.
அந்தச் சீறலுக்கு எப்போதும்போல் கண்ணை மூடிக்கொண்டார்.
துடைப்பத்தோடு நின்ற என்னிடம்,
நான் ஒன்றும் கேட்கவில்லை,
“ரெண்டு பேர்தான்” என்றார்.
“ஒருத்தன் வாயில ரொட்டி இருந்துச்சு.
மென்னுக்கிட்டே இருந்தான்.”

மாவுக்கு உப்புப் போட்டாயா என்றார் பிறகு.
போட்டிருந்தேன்.
பச்சைக் கம்பளியை உதறி எடுத்துவந்து,
ரெஜிமெண்ட் நம்பர் இன்னும் அழியாதது,
மாவுத் தவலையைச் சுற்றி
கழுத்துவரை போர்த்தினார்.
இந்தக் குளிருக்கு
அதுவாகப் பொங்காது.