தண்ணீர்க் கணக்கு

முஹர்ரக் நகராட்சியில் என் வேலை
வீடுகளுக்குக் கணினியில் நிறம் தீட்டுவது.
மஞ்சள், குடும்பங்கள்.
சாம்பல், கிடங்குகள்.
பழுப்பு, யாரும் இன்னும் முடிவெடுக்காதது.

எந்த வீட்டில் எத்தனை பேர் என்று
கதவைத் தட்டிக் கேட்டால் சொல்ல மாட்டார்கள்.
"நாலு பேர்" என்பார்கள்,
வாசலில் முப்பது ஜோடி செருப்பு கிடக்கும்.
பொறியாளர் ஹெஸ்ஸா வேறு வழி வைத்திருந்தார்:
மீட்டரைக் கேள்.
தண்ணீருக்கு விசா பயம் கிடையாது.

தலைக்கு இத்தனை லிட்டர் என்று
வகுத்துக்கொண்டே போனேன்.
தெருத்தெருவாக ஆட்கள்
தசமப் புள்ளியோடு வந்தார்கள்.
ஒரு வீட்டில் ஆறே கால் பேர்,
ஒன்றில் பதினொன்றரை.
அந்தக் கால், அரை யாராக இருக்கும்?
குளிக்காமல் வேலைக்கு ஓடியவனாக இருக்கலாம்.

வீட்டு எண் நாற்பத்தொன்று.
மூன்று படுக்கையறை, ஒரு முற்றம்
என்கிறது பழைய வரைபடம்.
தண்ணீர் சொன்னது இருபத்தேழு.
தண்ணீர் தப்பு.
நாங்கள் முப்பத்தொரு பேர்.
டம்பர் பகதூர் இரண்டு நாளைக்கொரு முறைதான் குளிப்பான்.
அருளப்பன் தன் துணியையெல்லாம்
வேலை செய்யும் ஓட்டலின் சலவையில் போட்டுவிடுவான்.
இப்படிச் சுருங்கியது நாலு பேர்.

படிவத்தில் கட்டிலுக்கு ஒரு வரி.
மாசிலாமணிக்கும் ரொஃபிகுலுக்கும் கட்டிலே ஒன்று.
இவன் விமானச் சரக்கில் இரவு,
அவன் கொத்து வேலையில் பகல்.
தலையணை உறை மட்டும் ஆளுக்கொன்று.
மூன்று வருடமாக ஒருவன் விட்ட சூட்டில்
மற்றவன் படுக்கிறான்.
வெள்ளிக்கிழமை இருவருக்கும் விடுப்பு,
அன்றைக்குத்தான் சிக்கல்.
நீ படு, இல்லை நீ படு என்று
கடைசியில் இருவருமே கராக் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.
ஒன்றென்று எழுதுவதா, இரண்டா?
ஹெஸ்ஸாவிடம் கேட்டேன்.
"கட்டிலுக்கா வீடு கட்டுகிறோம்?" என்றார்.
இரண்டு என்று எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை மன்றக் கூட்டம்.
திரையில் படம் மாற்றுபவன் நான், பேச இடமில்லை.
உறுப்பினர் ஒருவர் மனு வாசித்தார்,
எங்கள் பக்கத்து வீட்டு உம் ஜாசிம் எழுதியது:
சுவருக்கு அந்தப்புறம் பதினாலு கேஸ் சிலிண்டர்,
போன ரமலானில் புகை கிளம்பியது,
மகள் மாடியில் துணி காயப்போட ஏறுவதில்லை,
மகன் அரசு வீட்டுக்குப் பதிந்து ஒன்பது வருடம்,
மனைவி பிள்ளைகளோடு என் கூடத்தில் படுக்கிறான்.

சிலிண்டர் பதினாலு இல்லை, ஒன்பது.
மற்றதெல்லாம் உண்மை.
புகை வந்த அன்று வாளியோடு
முதலில் ஓடி வந்தவன் அந்த மகன்தான்.

கடலில் மணல் கொட்டி நிலமாக்கிய இடத்தில்
குடும்பங்களுக்கு எண்ணூறு மனை.
அதற்கும் அப்பால், கப்பல் பட்டறைக்குப் பின்னால்
பழுப்பில் ஒரு நீள்சதுரம், எங்களுக்கு.
ஆளுக்கு நாலு சதுர மீட்டர்,
சன்னல் கட்டாயம்,
கட்டிலுக்கு ஒருவர் மட்டும்.
நல்ல திட்டம். நானே வரைந்தது.
சன்னல்களையெல்லாம் வடக்கே திருப்பியவன் நான்.

பஸ் நிறுத்தம் மட்டும் இல்லை.
யாரும் கேட்கவில்லை, அதனால் இல்லை.
முந்தின இரவு சின்னதாய்
ஒரு நீல வட்டம் போட்டு வைத்திருந்தேன்.

"இது என்ன?" என்றார் தலைவர்.
லேசரின் சிவப்புப் புள்ளி
வட்டத்துக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது.
ஹெஸ்ஸா என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:
"விடியற்காலை நாலு மணிக்கும்
ஆட்கள் வீடு திரும்புகிறார்கள்."
'பரிசீலனையில்' என்று எழுதச் சொன்னார் தலைவர்.
எழுதினேன்.

நாற்பத்தொன்றின் கட்டத்தில்
முப்பத்தொன்று என்று நிரப்பி அனுப்பினேன்.
இருபத்தேழாகவே விட்டிருந்தாலும்
நோட்டீஸ் வந்திருக்கும்.
அங்கே நாலு கட்டில் குறைந்திருக்கும்,
அவ்வளவுதான்.

கதவில் ஒட்டியிருக்கிறது. அறுபது நாள்.
ஷிப்ட் முடிந்து வந்த மாசிலாமணி என்னை எழுப்பினான்.
"அங்க ஆளுக்கொரு கட்டிலாமே?"
ஆமாம் என்றேன்.
கொஞ்ச நேரம் நின்றான்.
"அப்ப ரொஃபிகுல் எந்த பிளாக்?"

வரைபடத்தில் பிளாக்குகள் உண்டு.
பெயர் எழுத இடம் விடவில்லை நான்.

குளியலறையில் டம்பர் பகதூர்
குழாயை முழுசாகத் திறந்துவிட்டு
ஏதோ பாடிக்கொண்டிருந்தான்.
அவன் முறை நாளைக்குத்தான்.