ஒரு குப்பி கூடுதல்

ஒலாங்கோத் தீவில் அதிகாலை மூன்று நாற்பது.
போன மாதம் பவளச் சரிவில் இறக்கிய வலையை
ஹெர்மோஹெனெஸ் கைமாற்றிக் கைமாற்றி இழுக்கிறான்.
அறுபது பாகத்துச் சேறு.
சேற்றுக்குள் கூம்பு நத்தைகள்,
விரல்நுனி அளவு, பெயர் வைக்கப்படாதவை சில.

இடுக்கியால் எடு என்கிறான்.
இதற்கு எந்தப் பக்கமும் நல்ல பக்கமில்லை.
அவன் சித்தப்பா மகன்
ஓடு அழகென்று காற்சட்டைப் பையில் போட்டான்.
படகு மட்டும் கரைக்கு வந்தது.

நான் நஞ்சுக்காக வந்தவன்.
ஒரே பாறையில் பொரிந்த இரண்டு நத்தைகள்
ஒரே நஞ்சைச் சுரப்பதில்லை.
என்றோ
உடம்புக்கு உழைத்துக்கொண்டிருந்த ஒரு மரபணு
நகலெடுக்கையில் இரண்டாய் விழுந்தது.
ஒன்று பழைய வேலையிலேயே நின்றது.
மற்றதற்கு வேலையில்லை.
வேலையற்ற பிள்ளை எதையும் செய்து பார்க்கும்:
ஓரெழுத்து மாற்றி,
இன்னோரெழுத்து மாற்றி.
பிழைத்த பிழைகள் ஈட்டிமுனைக்கு ஏறின.

இதோ, மேல்பாறையில் எடுத்த பெரியது.
இது குத்துவதற்கு முன் நீரில் இன்சுலினைக் கசியவிடும்.
தன்னுடையதை அல்ல,
மீனுடையதைப் போன்ற ஒன்றை.
அடுத்த வீட்டுப் பூட்டுக்கு
அடித்து வைத்த சாவி.
சர்க்கரை இறங்கிய மீன்கள் கிறங்கி நிற்க,
கோணிப்பை போல வாய் விரித்துப்
போர்த்திக்கொள்ளும்.

விடிந்தபின் அவன் வீட்டில் சோளக் குருணைச் சோறு,
பொரித்த மீன்.
நேற்றிலிருந்து மின்சாரம் இல்லை.
பாசிட்டா என் ஐஸ் பெட்டியைத் திறந்து
என் குப்பிகளுக்கு நடுவிலிருந்து
தன் குப்பியை எடுக்கிறாள்.
வயிற்றில் ஒரு கிள்ளு. பன்னிரண்டு யூனிட்.
"உன் நத்தை எத்தனை போடும்?"
தெரியாது என்றேன்.
"ஒருநாள் எனக்குக் கூடிப்போனது.
வியர்த்துக் கொட்ட, கோழிக்கூண்டருகே
எதற்கு வந்தேன் என்று தெரியாமல் நின்றிருந்தேன்.
வாய்கூடத் திறந்திருந்ததாம்.
அந்த மீனை எனக்குத் தெரியும்."
ஹெர்மோஹெனெஸ் தலை நிமிரவில்லை.
அவள் தட்டில் முள் பிரித்துக்கொண்டிருந்தான்.

என் மொழியில்
பிள்ளையைத் தாயோடு கட்டியிருந்த கொடிக்கு
நஞ்சுக்கொடி என்று பெயர்.
சொல்லலாம் என்று நினைத்தேன்.
எனக்குத் தெரிந்த செபுவானோ
விலை கேட்கவும் நன்றி சொல்லவும்தான்.

படகுத்துறையில் குப்பிகளை எண்ணினேன்.
முப்பத்தொன்று.
முப்பதுதான் இருக்க வேண்டும்.
பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு
வந்த வழியே ஓடுகிறேன்,
எது எது என்று
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடி.
எல்லாமே
தண்ணீர் போலத்தான் இருக்கின்றன.