கிளைக்குத் தீட்டில்லை

தெம்பே பள்ளத்தாக்கில் லாரல் வெட்டப் போகிறவன்
தாயும் தகப்பனும் உயிரோடிருக்கிற சிறுவனாக
இருக்க வேண்டும். டெல்ஃபியில் அது சட்டம்.
அரிவாள் தங்கத்தில்.
கோவேறு கழுதைக்குச் சட்டம் எதுவுமில்லை,
அதை ஓட்டுகிற எனக்கும்.

இந்தமுறை திமாண்ட்ரோஸ்.
முன்பல் இரண்டு விழுந்து முளைக்காத வயது.
ஆற்றில் கால் நனைத்தபடி கேட்டான்:
"இந்த மரம் முன்னே பொண்ணாமே?
சாமி துரத்த, ஓடி ஓடி மரமாயிட்டாளாமே?
வெட்டினா வலிக்காதா?"
குழலூதுகிறவன் சிரித்தான்.
நான் குனிந்து குளம்பில் கல் தேடினேன்.

தங்கத்துக்கு ஏது கூர்?
ஒரு கிளைக்கு ஏழெட்டு இழுப்பு.
நசுங்கிய இலையிலிருந்து
நோயாளி படுத்திருக்கும் அறையில்
புகை போடுகிற வாசம்.

முதல் வளையம் அவன் தலைக்கே.
பெரிதாகக் கட்டிவிட்டார்கள்,
காதில் நின்றது.

ஆறாம் நாள், லாமியா சந்தையில்
உப்புக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.
டெல்ஃபியிலிருந்து வந்தவன் என் தோளைத் தொட்டான்.
காய்ச்சலாம். இரண்டே இரவாம்.
எடுத்தாயிற்றாம்.

பூசாரியிடம் சொன்னேன்.
அவர் விரல் மடக்கி எண்ணினார்.
"வெட்டி ஆறு நாள். அவள் போய் மூன்று.
கிளைக்குத் தீட்டில்லை."
கொஞ்சம் பொறுத்து,
"பையனிடம் வாயைத் திறக்காதே.
துக்கக்காரன் தலையில் இலை நிற்கக்கூடாது.
வளையத்தை இறக்கினால் ஊர்வலம் நின்றுபோகும்."

நின்றால்தான் என்ன என்று கேட்கவில்லை.
எங்கோ ஒரு மல்லன்
இப்போதே உடம்பில் எண்ணெய் தேய்க்கிறான்.
எவனோ வாகை சூடப் போகிறான்,
அவன் ஊரில் அவனுக்குச் சிலை வைப்பார்கள்.
பொன்னில்லை, வெள்ளியில்லை,
இலைதான்.
அதற்குத்தான் இத்தனை மலை ஏறி இறங்குகிறோம்.

இரவு, தீயருகே
உதிரிச் சுள்ளியை வளைத்துக்கொண்டிருந்தான் பையன்.
விரல் இரண்டைச் சேர்த்து வட்டம் காட்டினான்:
"அம்மா கை இவ்வளவுதான்.
வாடறதுக்குள்ள போயிடுவோமில்ல?"

சந்தைக்குச் சந்தை
நொண்டிக் கழுதையைக் குதிரையென்று விற்ற வாய் இது.
ஒரு சொல் வரவில்லை.
தலையை ஆட்டினேன், எப்படி ஆட்டினேனோ.

விடிந்ததும் பாட்டு தொடங்கியது.
முன்னால் அவன்,
காதில் இடிக்கிற வளையத்தை ஒரு கையால் தள்ளிக்கொண்டு.
டெல்ஃபிக்கு இன்னும் இரண்டு நாள் வழி.

கடிவாளத்தை இழுத்துப் பிடித்தேன்.
ஏன் மெதுவாகப் போகிறாய் என்று பூசாரி கேட்டார்.
கழுதைக்குக் கால் வலி என்றேன்.