முதலில் இரும்பைத் தொடு

ரியாத்தில் ஜனவரி.
உதடு வெடித்து, குதிகால் வெடித்து,
பத்தா கடைவீதியின் பின்சந்தில்
என் கடை ஷட்டரின் ரப்பரும் வெடித்துக் கிடக்கிறது.
காற்றில் ஒரு சொட்டு ஈரமில்லை.
எதைத் தொட்டாலும் சுள்ளென்கிறது:
கதவுப் பிடி, இரும்பு ஸ்டூல்,
சில்லறை நீட்டும் சூடானிக்காரரின் விரல்,
பூனையின் மூக்கு.

பூனைக்குப் பெயர் இக்காமா.
அது இல்லாததால் வைத்த பெயர்.
வைத்தவன் தில்பகதூர்,
எதிர்க்கடையில் சூட்கேஸ் விற்கிற நேபாளி.
"இக்காமா! இக்காமா!" என்று அவன் கூப்பிட்டால்
சந்தில் நாலு பேராவது
சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பார்கள்.

நவம்பர் வரை சிக்கலில்லை.
தொழுகைக்குச் சாத்துகிற இருபது நிமிடமும்
என் மடிதான் அதற்கு.
டிசம்பரில் ஒருநாள் காதைத் தொட்டேன்.
டப்.
இரண்டு பேரும் துள்ளினோம்.
பிடித்தம் போக வந்த சம்பளக் கவரை
நான் பார்ப்பதுபோல்
அது என்னைப் பார்த்தது.
மறுநாளும் வந்தது. மறுபடியும் டப்.
மூன்றாம் நாள் இரண்டடி தள்ளி உட்கார்ந்து
மீனை மட்டும் கேட்டது.

வெட்கம் என்னவென்றால்
நான் செல்போன் ரிப்பேர்காரன்.
பதினோரு வருடமாய் இடது மணிக்கட்டில் எர்த் பட்டை.
உடம்பில் ஏறியதெல்லாம்
ஒயர்வழி மண்ணுக்கு இறங்கிய பிறகுதான்
போர்டில் கை வைப்பேன்.
கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும்,
நாலாயிரம் ரியால் போன் செங்கல்லாகிவிடும்.
போனுக்கு இத்தனை மரியாதை செய்தவன்
பூனையைச் சும்மா தொட்டிருக்கிறேன்.

பிறகு வைத்தியங்கள்.
கையில் வாசலின் தடவினேன்.
பாதியை அது நக்கிவிட்டுத் தும்மியது.
நைலான் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு
பருத்திச் சட்டையில் நடுங்கினேன்.
சாவி முனையால் முதலில் ஷட்டரைத் தொட்டால்
பொறி சாவியிலிருந்து பாயும், விரலுக்கு வலிக்காது.
இதைக் கண்டுபிடித்த அன்று
யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை.

அறையில் ஆறு கட்டில், ஆறு புலிப்படக் கம்பளி.
இருட்டில் இழுத்தால் நீலமாய்ப் படபடக்கும்.
"யார்ரா அங்க வெல்டிங் வைக்கிறது?" என்பார்
மேல்கட்டில் அமிர்தகடேசன்.
அந்தக் கம்பளிக்குள்ளிருந்துதான்
செண்பகவல்லியிடம் பூனைக் கதையைச் சொன்னேன்.
சிரித்தாள்.
"போன லீவுல வந்தப்ப
என் கையைத் தொட மூணு நாள் ஆச்சு ஒனக்கு.
அப்பவும் இப்படி எதையாவது
தொட்டுட்டு வந்தியா?"
லைனில் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
நெட்வொர்க் சரியில்லை என்றேன்.
சரியாகத்தான் இருந்தது.

இன்று மதியம்
பட்டையை மாட்டி, கிளிப்பை எர்த்தில் கடித்து,
ஸ்டூலை விட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.
அதன் ரோமத்திலும் ஏறியிருக்குமே என்று
முன்னால் ஒரு ஈரத்துணி விரித்தேன்.
ஈரமென்றால் அதற்கு ஆகாது.
துணியை ஒரு சுற்று சுற்றியது.
தில்பகதூர் சூட்கேஸ் துடைப்பதை நிறுத்தினான்.
ஒரு பாதம் வைத்து, உதறி,
அதே பாதத்தைத் திரும்ப வைத்தது.
விரலை நீட்டவில்லை. புறங்கையை நீட்டினேன்.

மூக்கு வந்தது.
ஒன்றுமில்லை.
தாடை வந்தது, கழுத்து வந்தது,
எலும்பு தெரிகிற முதுகு மொத்தமும் வந்தது.
ஒயரின் நீளம் ஒன்றரை மீட்டர்;
அதற்குள் எவ்வளவு தடவ முடியுமோ தடவினேன்.

ஷட்டருக்கடியில் இரண்டு ஷூ வந்து நின்றன.
"டிஸ்ப்ளே மாத்த எவ்வளவு நேரமாகும், பாய்?"
அரைமணி வேலை.
"ஒரு மணி நேரம்" என்றேன்.