மைனஸ் ஆறு

புதன்கிழமை பாதி விலை.
ஆறு மணிக்குக் கடையை அடைத்து
தெர்மாஸை அக்குளில் இடுக்கிக்கொண்டு
காதைப் பிய்க்கும் காற்றில் நடக்கிறேன்.
மொந்தேவிதேயோவில் ஜூலை என்றால் குளிர்காலம்.
கடல்போல் கிடப்பது கடலல்ல, ஆறு.
இந்த ஊரில் எதையும் பார்த்தவுடன் நம்பக்கூடாது.

போன மாதம் பேய்ப்படம்.
பேய் நன்றாக நடித்தது.
மற்றவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.
விளக்கணைந்த வீட்டில் ஒரு குடும்பமே
நிலவறைக்குள் வரிசையாக இறங்குகிறது,
பந்திக்குப் போவதுபோல.
பக்கத்து இருக்கை வில்மார்,
தபால் நிலையத்தில் ஓய்வு பெற்றவர்,
வேர்க்கடலையைத் தோலோடு தின்பவர்,
என் மணிக்கட்டை நசுக்கியபடி
"அருமை, அருமை" என்றார்.
பயந்தால் அவருக்கு வேறு சொல் வராது.

அப்புறம் விண்வெளி.
இரண்டு மணி நாற்பது நிமிடம்.
சனிக்கிரகம் தாண்டி ஒருவன்
அப்பாவை மன்னிக்கப் போகிறான்.
இதற்கு இவ்வளவு எரிபொருளா?
பைசாந்தூ போகும் இரவுப் பேருந்து போதாதா?
ஆனாலும்
எஞ்சின் நின்றுபோன அந்த ஒரு நிமிடம்
பின்வரிசையில் யாரோ மாத்தேயின் கடைசி வாயை உறிஞ்சிய ஓசை
அண்டம் முழுக்கக் கேட்டது.
அதற்கு முழு விலையே கொடுக்கலாம்.

போர்ப்படத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.
பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.
சேறு அவ்வளவு அழகாக இருந்தது.

நகைச்சுவைப் படத்தில் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை.
இரவு பல் துலக்கும்போது
அந்தத் தலைகீழ் சோபா நினைவுக்கு வந்து
நுரையோடு சிரித்தேன், தனியாக.
இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

காதல் படத்தில்தான் சண்டை.
நூலகப் பெண் கண்ணாடியைக் கழற்றி
"இப்போதுதான் உன்னைத் தெளிவாகப் பார்க்கிறேன்" என்கிறாள்.
"பொய் சொல்லாதே!" என்று நான் கத்த
இரண்டு வரிசை திரும்பிப் பார்த்தது.
முப்பத்தொரு வருடம் வில்லை தேய்த்தவள் நான்.
திரையில் ஒரு மூக்குக்கண்ணாடி வந்தால்
கதையை விட்டு அதற்குள் போய்விடுவேன்.
நிஜக் கிட்டப்பார்வை வில்லை என்றால்
கன்னத்தின் ஓரம் அதற்குள்
ஒரு படி உள்ளே ஒடிந்து நிற்கும்.
இவர்களுக்கு ஒடிவதே இல்லை.
பேராசிரியர், உளவாளி, அழும் விதவை,
எல்லோர் மூக்கிலும் ஜன்னல் கண்ணாடி.
வீடு வந்து யோசித்தால்
அந்தப் பெண் சொன்னதில் பொய்யில்லை.
மாட்டினாலும் கழற்றினாலும்
அவளுக்கு எல்லாம் தெளிவுதான், பாவம்.

நேற்று கொள்ளைப் படம்.
பெயர்கூட மனதில் நிற்கவில்லை.
துரத்தல், வெடி, இன்னொரு துரத்தல்.
ஆனால் வங்கிக் காட்சியில்
மூன்றாவது கவுண்டரில் ஒரு பெண்.
மொத்தம் நான்கு நொடி, வசனம் இல்லை.
அவள் கன்னம்
ஒடிந்தது.
மைனஸ் ஆறு. குறைந்தால் ஐந்தே முக்கால்.
நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
"படுங்கள்!" என்று துப்பாக்கிக்காரன் கத்த
எல்லோரும் தலையைப் பொத்திக்கொண்டு விழுந்தார்கள்.
அவள் மட்டும் விழும்போது
ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள்.
எந்த இயக்குநரும் சொல்லித் தந்திருக்க முடியாது.
காலையில் கட்டிலோரம் தடவித் தேடி
அது கிடைக்கும்வரை உலகம் தொடங்காதவளின் கை அது.
இந்த மாதத்து ஐந்து படங்களிலும்
நான் நம்பிய ஒரே மனுஷி.

விளக்குப் போட்டார்கள்.
கடைசிப் பேருந்து போய்விடும் என்றார் வில்மார்.
பெயர்கள் ஓடி முடியட்டும் என்றேன்.
ஓட்டுநர்கள், சமையல்காரர்கள், புறா வளர்ப்பவர்,
எறும்பு ஊர்வதுபோல் எழுத்து.
சரியாக 'வங்கி ஊழியர் மூன்று' வரும் நேரம்
தெர்மாஸ் ஆவியில்
என் கண்ணாடி மூடிக்கொண்டது.

"ரொசீந்தா ஏதோ" என்றார் வில்மார்.
"ரொசீந்தாவா, ரொசால்பாவா?"
"ரோவில் தொடங்கியது."
கண் சோதனைக்கு வாருமய்யா என்று
இரண்டு வருடமாகக் கூப்பிடுகிறேன்.
வருவதே இல்லை.