முப்பத்தொன்றாம் கிலோமீட்டர்

குடிதண்ணீர்க் குழாய்க்கு ஒரு சாண் மேலே
மயிர் தடிமனில் ஒரு கண்ணாடி இழை கூடவே போகிறது,
ஆற்றங்கரைக் கிணற்றிலிருந்து கயத்தாறு மேட்டுத் தொட்டிவரை.
அதன் ஒரு நுனி என் மேசைக்கு அடியில்.
நொடிக்கு ஆயிரம் தரம் வெளிச்சத்தை உள்ளே தட்டிவிடுகிறோம்.
போகிற வெளிச்சம் போய்விடும்.
காய்ச்சி இழுத்தபோது உள்ளே உறைந்துபோன
கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களில் இடறி
கொஞ்சம் மட்டும் திரும்பி வரும்.
அந்தக் கொஞ்சத்துக்குத்தான் எனக்குச் சம்பளம்.

"சுத்தமான கண்ணாடி செவிடுல்லா அண்ணாச்சி"
என்பான் மைதீன் பாட்சா, மேலப்பாளையத்துக்காரன்.
அறுந்த இழையை உருக்கி ஒட்டும்போது விரல் அசையாது.
டீ கிளாஸைப் பிடித்தால் நடுங்கும்.

மிதித்தால் மண் அமுங்கும்.
மண் அமுங்கினால் இழை இழுபடும்.
இழுபட்டால் வெளிச்சம் ஒரு இம்மி பிந்தும்.
சத்தமோ பாரமோ, இழைக்கு எல்லாம் ஒன்றுதான்.
திரையில் தூரம் குறுக்கே கிடக்க, நேரம் கீழே வழியும்.
லாரி படுத்த கோடு.
நடந்துபோகிறவன் கொஞ்சம் எழுந்த கோடு.
கங்கைகொண்டான் பக்கம் கிடை மாற்றுகிற ராத்திரிகளில்
ஆட்டுக்குளம்புகள் பொடிப்பொடியாய்த் தூறும்.
கசிவு மட்டும் எங்கேயும் போகாது,
நின்ற இடத்திலேயே நேராய் இறங்கும்
விடியும்வரை.

சித்திரை மாதம், ராத்திரி இரண்டே கால்.
முப்பத்தொன்றில் ஒரு தட்டு.
கொஞ்சம் மூச்சு வாங்கி இன்னொரு தட்டு.
'தோண்டல்' என்று கம்ப்யூட்டர் சிவந்தது.
பிரமநாயகம் சார் போனில் தூக்கம் கலையாமலே,
"திருட்டு கனெக்‌ஷன்தான்வே. ஜீப்ப எடும்.
ஸ்டேஷனுக்குக் காலைல சொல்லிக்கிடலாம்."

கடைசி ஒரு பர்லாங் விளக்கில்லாமல் போனோம்.
காற்றாலைகளின் சிவப்புக் கண்கள்
ஒன்றாய் விழித்து ஒன்றாய் மூடின.
ஓடைக்கரையில் ஒரு ஆள், ஒரு மம்பட்டி,
சாக்குப் போட்டு மூடிய ஏதோ ஒன்று.
டார்ச் அடித்ததும் அவர் முகத்தை மறைக்கவில்லை.
சாக்குக்கு முன்னால் வந்து நின்றார்.

கன்று. பிறந்து நாலு நாளாம்.
நாக்கு நீலமாய் வெளியே கிடந்தது.
"ஊரச் சுத்திக் கரிசல், எய்யா. கல்லா இறுகிக் கெடக்கு.
மம்பட்டி தெறிக்கி.
இங்கனதான் நீங்க தோண்டி மூடுன மண்ணு
பொலபொலன்னு இருந்துது."

ஒன்றரை அடி ஆகியிருந்தது.
இன்னும் மூன்றடி போனால் கண்ணாடி.
குழாய்ப் பாதைச் சட்டத்தை நான் சொல்லத் தொடங்கி
எந்தப் பிரிவு என்று யோசிப்பதற்குள்
மைதீன் ஜீப்பிலிருந்த கடப்பாறையோடு
பதினைந்து எட்டு தள்ளிப் போய்
கரிசலைப் பிளக்க ஆரம்பித்திருந்தான்.
மூன்று பேருக்கு முக்கால் மணி நேரம்.
என் கையில் ஏழு கொப்புளம்.
அறையில் அப்போது யாருமில்லை.
இருந்திருந்தால் திரையில்
மூன்று திருடர்களைப் பார்த்திருப்பார்கள்.

மந்திரமூர்த்தி என்று பெயர் சொன்னார்.
பதிவேட்டில் அது இல்லை.
'காரணம்: கால்நடை' என்று எழுதினேன்.
பொய்யில்லையே.

நாலாம் நாள் ராத்திரி
ஊர்ப்பக்கமிருந்து ஒரு கோடு வந்தது.
மனிதனைவிடக் கனம். நாலு கால். அவசரமில்லை.
முப்பத்தொன்றைக் கொஞ்சம் தாண்டி,
திரும்பி வந்து,
நின்றது.
பாரத்தைக் காலுக்குக் கால் மாற்றிக்கொண்டு
நின்றது.
கோடு நேராய்க் கீழே இறங்கியது.
இருபது நிமிடம், நாற்பது, ஒரு மணி.

கம்ப்யூட்டர் கேட்டது: கசிவா?
கீழே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம்.
மைதீன் நாற்காலியிலேயே தூங்கிவிட்டிருந்தான்.
நான் இரண்டையும் தொடவில்லை.